ஒன்பது பெட்டிகளும் ஓர் இலக்கமும்

1

பெர்கனுக்கு வந்து பதினொரு வருடம் நிறைந்த வாரத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. யாரோ ஞாபகம் வைத்து வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று ஆசையாகப் பிரித்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஒரு கணக்கெடுப்பாம். குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறதாம். சிரமம் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டுமாம்.

கடிதம் "மதிப்புக்குரிய முத்தையா" என்று தொடங்கியது. முத்தையா என் அப்பா. இலங்கையில் தெரணியகலைக்கு மேலே ரப்பர் மரங்களுக்கு நடுவில் பிறந்து அங்கேயே இறந்தவர். நோர்வே எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் கித்துல்கலப் பக்கம் கையைக் காட்டியிருப்பார். வெள்ளைக்காரர்களை அவர் பார்த்தது அங்கே ஆற்றில் படகு விடும்போதுதான். இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்பதால், என் பெயருக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பிடித்துக் குடும்பமாக்கிவிட்டார்கள். மருத்துவமனையில் "முத்தையா" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் ஒரு கணம் அவர் எங்கே என்று தேடுகிறேன்.

என் மகள் மீரா, பதினைந்து வயது, பக்கத்தில் உட்கார்ந்து கணினியில் கேள்விகளை வாசித்தாள். என் நோர்வேஜிய மொழி அவளுக்குச் சிரிப்பாக இருக்கும். "வீட்டில் பேசும் மொழி" என்ற இடம் வந்ததும் அவள் பாட்டுக்கு நோர்வேஜிய மொழி என்று தட்டினாள்.

"தமிழ்னு போடு" என்றேன்.

"நீங்க பேசுறீங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது ரெண்டும் ஒண்ணா?" என்றாள், நோர்வேஜிய மொழியிலேயே.  கடைசியில் இரண்டையும் போட்டோம்.

இதில் எனக்கு ஆச்சரியம் வேறு. பட்டியலில் பெயர் சேர்வது என்றால் இங்கே யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. தேநீர் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். நானும் பதினொரு வருடத்தில் அப்படி ஆகிவிட்டேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

2

அதே வாரம் வந்த இன்னொரு மின்னஞ்சல்தான் என்னை இதை எழுத வைத்தது.

பகலில் நான் நகரசபையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். மாலையில், சம்பளம் இல்லாமல், இன்னொரு வேலை. திறந்த மூல மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் ஆறு பேரில் நான் ஒருத்தி. வலையமைப்பில் இருக்கும் கருவிகளில் எது பேசுகிறது, எது வாயை மூடிக்கொண்டது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது அந்த மென்பொருளின் வேலை. ஏதாவது ஒன்று மூடிக்கொண்டால் உரியவருக்கு உடனே செய்தி அனுப்பும். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம்.

குழுவின் தலைவர் மாதிரி இருப்பவர் தொமாஸ், பிராகாவில் இருக்கிறார். நல்ல மனிதர். அவர் எழுதியிருந்தார்: "பழைய கணினிகளில் ஓடும் முப்பத்திரண்டு பிட் லினக்ஸ் இயங்குதளத்துக்கு நாம் இன்னும் ஏன் மெனக்கெடுகிறோம்? புள்ளிவிவரத்தைப் பாருங்கள். அடுத்த வெளியீட்டோடு விட்டுவிடலாம் என்பது என் யோசனை. வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு."

புள்ளிவிவரம் என்று அவர் சொன்னது எங்கள் இணையதளத்தில் இருக்கும் ஒரு பக்கம். மென்பொருளை நிறுவும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் கணினியில் எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு என்ற விபரத்தைப் பெயர் குறிப்பிடாமல் எங்களுக்கு அனுப்பலாமா? ஆம் என்றால், அந்தக் கணினிக்குத் தற்செயலாக ஓர் அடையாள எண் உருவாகி, நாளுக்கு ஒரு தடவை அந்த விபரம் வந்து சேரும். இல்லை என்றால் ஒன்றும் வராது. வந்ததை எல்லாம் சேர்த்து வண்ண வண்ணமாக ஒரு வட்டம் வரைந்து போட்டிருப்போம். புது லினக்ஸ் பதிப்புகள் வட்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும். மற்றவை கீற்றுக் கீற்றாகக் கிடக்கும். வட்டத்துக்குக் கீழே, வண்ணம் கூடக் கொடுக்க முடியாத ஒரு வரி இருந்தது. முப்பத்திரண்டு பிட் பழைய பதிப்பு: 1.

அந்த ஒன்று யார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிப்பை என் கையாலேயே கட்டி, பதிப்பு எண்ணுக்குப் பின்னால் அடையாளமாக ஒரு சொல்லும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அது தியாகு அண்ணனுடையது. ஆனால் அண்ணனிடம் இருப்பது ஒன்று இல்லை, ஒன்பது.

3

தியாகு என் கூடப்பிறந்த அண்ணன். தோட்டத்துத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். தொழிற்சாலை பாதி மூடிய பிறகு வயரிங் வேலைக்குப் போகிறார். எங்கள் தோட்டம் ஒரு பள்ளத்தாக்கு. டிவிஷனைக் கணக்கு என்று சொல்வோம். மேக்கணக்கில் கைத்தொலைபேசி ஒரு கோடு காட்டும், கீழ்க்கணக்கில் அதுவும் கிடையாது. மழைக்காலத்தில் மண் சரியும் பூமி அது. சரிவு வரப்போகிறது என்று மேலே தெரிந்தாலும் கீழே சொல்ல ஆள்தான் ஓட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அண்ணன் புத்த விகாரை இருக்கும் பன்சலை மேட்டில் ஓர் அன்டெனா நட்டார். பன்சலையின் பெரிய சாது, "கரன்ட்டும் எடுத்துக்கொள், ஒரு வயரை எங்கள் பக்கமும் இழு" என்றாராம். அங்கிருந்து, பன்சலையையும் சேர்த்து, தோட்டத்துப் பள்ளிக்கூடம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மூன்றின் வாசிகசாலை, கோயில், கீழ்க்கணக்கின் பிள்ளைக் காம்பரா என்று ஒன்பது இடங்களுக்குக் கம்பியில்லா இணைப்பு. ஒவ்வோர் இடத்திலும் கொழும்பு அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பழைய கணினி. அண்ணன் அவற்றைப் பெட்டி என்பார். எல்லாம் முப்பத்திரண்டு பிட் கிழடுகள். எங்கள் மென்பொருள் அவற்றில் ஓடுவதால், எந்த இணைப்பு அறுந்தாலும் அண்ணனுக்கும் எனக்கும் செய்தி வரும். அவர் குடையையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

சிக்கல் என்னவென்றால், மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. மழையில் இணைப்பு போய்ப்போய் வந்துகொண்டிருந்தால் குழம்பிப்போய், எச்சரிக்கை அனுப்பாமலே விட்டுவிடும். அதைத் திருத்தியாகிவிட்டது. ஆனால் திருத்தம் அடுத்த வெளியீட்டில்தான் வருகிறது. அந்த வெளியீட்டில் இந்தப் பெட்டிகளுக்கு இடமில்லை என்கிறார் தொமாஸ். தெரணியகலையில் பெருமழை தொடங்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

அண்ணனுக்கு அழைத்தேன்.

"ஒம்போது பெட்டி ஓடுது. இங்க ஒண்ணுன்னு காட்டுதே, எப்படிண்ணே?"

"நீ சொன்ன மாதிரித்தான தங்கச்சி செஞ்சேன். மொதப் பெட்டில எல்லாத்தையும் போட்டு, கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு குடுத்தேன். பொறகு அந்த டிஸ்க்க அப்படியே எட்டுக்கும் கொப்பி அடிச்சேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தால் அடையாள எண்ணும் நகலாகும். ஒன்பது பெட்டிகளும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு வருகின்றன. எங்கள் வட்டம் அவற்றை ஒன்று என்றே எழுதுகிறது.

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ரப்பர் பால்வெட்டுக்காரி. பால் குறைவாக வடியும் நாட்களில், ஒரு நாள் சம்பளமான முழுப் பேர் விழும் அளவுக்கு ஒருத்தியின் வாளி நிறையாது. அப்போது அம்மாவும் பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்காவும் இரண்டு வாளியையும் ஒன்றாக ஊற்றி ஒரே பேரில் நிறுப்பார்கள். இன்றைக்கு அம்மா பேர், நாளைக்கு அக்கா பேர். எங்கள் தோட்டத்தில் எல்லாப் பெண்களும் செய்ததுதான். வயிற்றுக்கு அது சரிவந்தது. கடைசியில் வேலையை விட்டு நிற்கும்போது தோட்டத்து வருகைப் புத்தகத்தைப் பார்த்தால், அம்மா வேலைக்கு வந்த நாட்களில் பாதிதான் இருந்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறியது இரண்டு பேர். எழுத்தில் ஒருத்திதான்.

அதை நினைத்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் நான் யோசிக்க மாட்டேன்.

4

அண்ணனின் பெட்டிகளுக்குள் இங்கிருந்தே நுழைய எனக்கு வழி உண்டு. அவரே கொடுத்த வழி. சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியிலும் பழைய அடையாள எண்ணை அழித்து, புது எண் போட்டு, கேள்விக்கு ஆம் என்று நானே பதில் எழுதினேன். பருப்பு வேகும் நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் புள்ளிவிவரப் பக்கத்தில் ஒன்பது என்று வந்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை. அண்ணனுக்கு அழைத்துப் பெருமையாகச் சொன்னேன்.

 

"யாரக் கேட்டுப் போட்ட?" என்றார்.

"என்னாண்ணே, இதுல யாரு பேரும் இல்ல. பெட்டி என்னா வகைன்னு மட்டுந்தான் போகுது."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பெட்டி வச்சிருக்கிற ஆளுகளுக்குத் தெரியுமா? அந்தக் காலத்துல இந்தியாவுக்குப் போறியா இங்க இருக்கியான்னு லிஸ்ட் எடுத்தாங்களே, அப்பவும் கணக்கப்பிள்ளை நல்லதுக்குத்தான்னு சொல்லித்தான் பேரு எழுதினாரு. மாமா குடும்பம் எங்க போய்ச் சேந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இப்ப நீயும் வெளிநாட்டுல ஒக்காந்துக்கிட்டு கணக்கப்பிள்ளை வேல பாக்குறியா?"

"மொத தடவை நீங்களும் கேக்காமத்தானண்ணே ஆமான்னு குடுத்தீங்க?"

"ஆமா, தப்புத்தான். அதுக்காக ஒம்போது தப்பு பண்ணுவியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் அழுகைக்குக் காரணம். நான் அனுப்பிய விபரத்தில் யாருக்கும் ஓர் ஆபத்தும் இல்லை, அது உண்மை. ஆனால் கேட்காமல் எழுதினேன். இந்த நாட்டில் தேநீரோடு படிவம் நிரப்பப் பழகிய கை, அங்கிருப்பவர்களுக்காகவும் நிரப்பிவிட்டது.

"சரிண்ணே, அழிச்சிடுறேன்" என்றேன்.

"அழி. நான் எல்லா எடத்துக்கும் போய்க் கேக்குறேன். அதுவரைக்கும் ஒங்க ஆளுகளப் பொறுக்கச் சொல்லு."

மேசையின் மறுபக்கத்தில் மீரா பாடப் புத்தகத்தோடு இருந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கியிருக்கிறது. எழுந்து அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு வைத்த பருப்பு அடிப்பிடித்திருந்தது.

5

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி தொமாஸுக்கு எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். "ஒன்பது என்று ஒரு நாள் காட்டியது என் வேலை. அனுமதி இல்லாமல் செய்தேன். நீக்கிவிட்டேன். உண்மையான எண்ணிக்கையை ஒரு வாரத்தில் சொல்கிறேன்." எங்கள் குழுவில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை, ஆம் என்று சொல்லாதவர்களின் விபரத்தை எடுப்பதில்லை என்பதுதான் எங்கள் முதல் விதி. அந்த விதியை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தி. தொமாஸ் ஒரே வரியில் பதில் போட்டார்: "ஒரு வாரம் தருகிறேன். இனி இப்படிச் செய்யாதே."

அந்த வாரம் முழுக்க அண்ணன் வேலை முடிந்து ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கினார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எனக்குக் குரல் பதிவு வரும். பள்ளிக்கூடத்து மாஸ்டர் சரி என்றாராம். கோயில் தலைவர் மூன்று கேள்வி கேட்டுவிட்டுச் சரி என்றாராம். பன்சலையின் பெரிய சாது, "எந்த லினக்ஸ் என்று மட்டும்தானே? போடு மகனே, போடு" என்று சிங்களத்தில் சொல்லி, அண்ணனுக்குப் பிளேன்டீயும் கொடுத்தாராம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்க்கிறேன், அதிலுள்ள ஓர் இலக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பேச்சு நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எட்டு இடம் சரி. கீழ்க்கணக்கு மட்டும் முடியாது என்றது.

அங்கே பெட்டி இருப்பது பிள்ளைக் காம்பராவில். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பார்ப்பவர் பார்வதி அக்கா. அண்ணன் தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்க வேண்டும்; குரல் பதிவில் குழந்தைகளின் சத்தத்தோடு அக்காவின் குரல் கணீரென்று கேட்டது.

"இந்தா பாரு பாப்பா, நீ நல்லவதான். முத்தையா மகள எனக்குத் தெரியாதா? ஆனா போன தடவ மண்சரிவுன்னு லிஸ்ட் எடுத்துக்கிட்டுப் போனாங்க. வீடு தாறோம்னாங்க. நாங்களும் வரிசையில நின்னு பேரு குடுத்தோம். வீடு வரல. லயத்தக் காலி பண்ணச் சொல்லிக் கடுதாசிதான் வந்துச்சு. எங்க போறது? அதனால ஒரு லிஸ்ட்டும் வேணாம். பெட்டி ஓடுதுன்னா ஓடட்டும். எங்கள எண்ண வேணாம்."

இது ஆட்களின் பட்டியல் இல்லை, இயந்திரத்தின் வகைதான் என்று விளக்கிப் பதில் அனுப்பலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அண்ணன் ஏற்கெனவே விளக்கியிருக்கிறார், அக்காவுக்கு விளங்கியும் இருக்கிறது. விளங்கித்தான் வேண்டாம் என்கிறார். "சரிக்கா" என்று மட்டும் அனுப்பினேன்.

6

காணொளிக் கூட்டத்தில் ஆறு பேரும் இருந்தோம். என் ஆங்கிலம் பதற்றத்தில் தோட்டத்துத் தமிழ் மாதிரி ஓடும். ஒன்பது கணினி என்பதற்கு ஒன்பது பேர் என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

புள்ளிவிவரப் பக்கத்தில் இப்போது எட்டு என்று இருந்தது. ஒன்பதாவது ஒன்று உண்டு, அது எண்ணப்பட விரும்பவில்லை என்றேன்.

தொமாஸ் தாடியைத் தடவினார். "எட்டும் சிறிய எண்தான். ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் சோதித்துப் பார்க்க மணிக்கணக்கில் ஆகிறது. அந்த நேரத்தை யார் தருவது?"

"நான் தருகிறேன். அங்கே சோதித்துப் பார்க்க என் அண்ணன் இருக்கிறார். பழைய பெட்டிகளை மாற்றும் வரைக்கும்."

"எவ்வளவு காலம்?"

"தெரியாது. அவர்களுக்குப் புதுப் பெட்டி கிடைக்கும் வரைக்கும்."

போர்த்துக்கலில் இருக்கும் ஒரு பெண், அதிகம் பேசாதவள், மெல்லச் சொன்னாள்: "நாம் 'இல்லை' என்று சொன்னவர்களை ஒருநாளும் யோசித்ததே இல்லையே. வட்டத்தில் இல்லாதவர்கள் உலகத்திலேயே இல்லை என்று முடிவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்."

வாக்கெடுப்பு நாலுக்கு இரண்டு என்று முடிந்தது. இன்னும் ஒரு வெளியீட்டுக்கு முப்பத்திரண்டு பிட் இருக்கும்; பொறுப்பு என்னுடையது. எதிராக வாக்களித்த இரண்டு பேரில் தொமாஸ் ஒருவர். கூட்டம் முடிந்ததும் சோதனைக்கென்று தன் பழைய மடிக்கணினியை எனக்குத் தபாலில் அனுப்புவதாக எழுதியவரும் அவர்தான். புள்ளிவிவரப் பக்கத்தில் வட்டத்துக்கு மேலே ஒரு வரியும் சேர்த்தோம்: இது சொன்னவர்களின் கணக்கு மட்டும்.

புது வெளியீடு பத்து நாளில் வந்தது. ஒன்பது பெட்டிகளிலும் அண்ணன் ஒவ்வொன்றாகப் போட்டார். இந்தத் தடவை கொப்பி அடிக்கவில்லை.

7

சனிக்கிழமை. பெர்கனில் முன்பகல், தெரணியகலையில் பின்னேரம். இரண்டு ஊரிலும் மழை. பெர்கன் மழை நச்சுநச்சென்று பெய்துகொண்டே இருக்கும், ஆளைக் கொல்லாது. அங்கே பெய்வது வேறு.

தொலைபேசி அதிர்ந்தது. கீழ்க்கணக்கு இணைப்பு நிலையில்லை. போகிறது, வருகிறது, போகிறது. பழைய பதிப்பாக இருந்தால் வாயைத் திறந்திருக்காது. இரண்டாவது செய்தி: கீழ்க்கணக்கு பதில் இல்லை.

அண்ணனுக்கு அழைத்தேன். காற்றில் அவர் குரல் துண்டு துண்டாக வந்தது. "எனக்கும் வந்துச்சு... மேக்கணக்கு ஆளுகளக் கூட்டிக்கிட்டு எறங்குறோம்... வை, வை."

வைத்துவிட்டேன். பிறகு ஒன்றும் வரவில்லை. திரையில் எட்டுப் பெட்டிகள் பச்சையாக இருந்தன, ஒன்று சிவப்பாக இருந்தது. மீரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரு அங்க இருக்காங்க?" என்றாள். தமிழில்தான் கேட்டாள். பார்வதி அக்காவைப் பற்றிச் சொன்னேன், குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காலைப்பொழுதைப் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்து இணைப்பு வழியாக அண்ணனின் தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் என்று எடுத்தேன். அண்ணன் இல்லை.

"பாப்பா, பார்வதி அக்கா பேசுறேன்."

"அக்கா! எல்லாரும்..."

"பள்ளிக்கூடத்துக்கு வந்து சேந்துட்டோம். காம்பராவுக்குப் பின்னால மண்ணு எறங்கிருச்சு. பாலமும் போயிருச்சு. நாங்க பிள்ளைகள வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கிறோம், தியாகு கயித்தோட வந்து நிக்கிறான். எப்படிடா தெரியும்னு கேட்டேன். பெட்டி சொல்லிச்சுங்கிறான்."

 மீரா என் கையைப் பிடித்திருந்தாள்.

"எங்கள எண்ண வேணாம்னுதான சொன்னேன்?" அக்காவின் குரலில் கோபமா கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எண்ணலக்கா. இன்னைக்கும் அதுல எட்டுத்தான் இருக்கு. எண்ணாட்டியும் பெட்டி பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்."

 பிறகு அக்கா தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரையோ அதட்டுவது கேட்டது, ஒவ்வொரு பெயராகச் சொல்வது கேட்டது, ஒரு குழந்தை இருமுவது கேட்டது. திரும்பி வந்தார்.

"பாப்பா, பேனா இருக்கா?"

"இருக்குக்கா."

"நாப்பத்தி மூணு பேரு. கைக்கொழந்த ரெண்டையும் சேத்து. நானே ரெண்டு தடவ எண்ணிட்டேன், ஒருத்தரும் கொறையல. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.